எண்பது எழுத்துக்குள்ள சொல்லுங்க

அடுத்த வாரம் ரிவ்யூ. இப்போ உங்க லேப்டாப்ல என்ன திறந்திருக்குன்னு நான் பார்க்காமலே சொல்றேன். சீனியர் பேட்ச் கொடுத்துட்டுப் போன பிபிடி. முதல் ஸ்லைடுல காலேஜ் லோகோ, அவங்க தலைப்பை அழிச்ச இடத்துல உங்க தலைப்பு. அடுத்தது அப்ஸ்ட்ராக்ட், பத்து வரி, பன்னிரண்டு சைஸ் ஃபான்ட். அப்புறம் லிட்டரேச்சர் சர்வே டேபிள். கடைசியில ரோஜாப்பூவோட ஒரு தேங்க் யூ. நடுவுல இருக்கிறதை யாரும் படிக்கப் போறதில்லைன்னு உங்களுக்கும் தெரியும், கைடுக்கும் தெரியும்.

போன செமஸ்டர் வரைக்கும் நானும் இதையேதான் பண்ணேன். அதனால உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா ஒரு விஷயத்தைக் கேட்டுக்கிறேன்: இந்த ஒரு ரிவ்யூவுக்கு மட்டும் ஸ்லைடை பவர்பாயிண்ட்ல ஆரம்பிக்காதீங்க. ஒரு வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி, டெர்மினல்லயே ஓட்டிப் பாருங்க. கறுப்புத் திரையைக் காட்டி ஜூனியர் முன்னாடி ஹேக்கர் மாதிரி சீன் போடுறதுக்காகச் சொல்லலை. எங்க ப்ராஜெக்ட்ல ஒரு பெரிய தப்பு, கலர் கலரா இருந்த ஸ்லைடுக்குள்ள ரெண்டு மாசம் ஒளிஞ்சு கிடந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டது ஒரு டெக்ஸ்ட் ஃபைல்.

கதையைச் சொல்றேன். எங்க ஊர் ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து வடக்கே போற லைன்ல தமிழ்நாட்டோட கடைசி ஸ்டேஷன், அடுத்தது தடா, அது ஆந்திரா. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரியோட உப்புத் தண்ணி. எங்க தெருவுல போர்வெல் தண்ணியைக் குடிக்கலாமா வேண்டாமாங்கிறது தினசரி சண்டை. அதனாலதான் எங்க டீம் நாலு பேரும் தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற ஒரு சின்னக் கருவியை ப்ராஜெக்டா எடுத்தோம். டிடிஎஸ் சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, போன்ல ஒரு ஆப். ஆன்லைன்ல வாங்கின சென்சார் 0 முதல் 1000 பிபிஎம் வரைக்கும் அளக்கும். லேப்ல தயாரிச்ச கரைசல்ல செக் பண்ணோம், நல்லா வேலை செஞ்சது. எங்க தெரு போர்வெல்ல வெச்சோம். ஒரு வாரம் ரீடிங் எடுத்தோம். கிராஃப் ஆடாம அசையாம ஒரே நேர்கோடா வந்துச்சு.

முதல் ரிவ்யூவுல முப்பத்திநாலு ஸ்லைடு. பதினாலாவது ஸ்லைடுல அந்தக் கிராஃபை ஆரஞ்சு கலர்ல போட்டு, மேல 'சென்சார் நிலையாக இயங்குகிறது'ன்னு தலைப்பு வெச்சோம். கீழே அஞ்சு புல்லட். நாலாவது புல்லட்டுக்கு உள்ளே ஒரு துணை புல்லட்டுல சென்சாரோட எல்லை 1000 பிபிஎம்னு இருந்துச்சு. நாங்களே டேட்டாஷீட்லருந்து காப்பி பண்ணிப் போட்டதுதான். பேனல்ல இருந்தவங்க பார்த்தாங்க, "கிராஃப் நீட்டா இருக்கு"ன்னாங்க, அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொன்னாங்க.

உங்களுக்கு இப்போ புரிஞ்சிருக்கும். எங்களுக்கு ரெண்டு மாசம் புரியலை. சென்சார் நிலையா இயங்கலை, முட்டிக்கிட்டு நின்னுச்சு. தண்ணி ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. அதுக்கு மேல அளக்கத் தெரியாத கருவி, தன்னோட உச்சியிலேயே நேர்கோடு போட்டுக்கிட்டு இருந்துச்சு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்றது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஏற்கலாம். வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும். அதாவது 1000-க்கு மேல எவ்வளவுங்கிறதுதான் எங்க தெருவுக்குத் தேவையான பதில். அந்தப் பதிலைத் தர முடியாத கருவியைக் கையில வெச்சுக்கிட்டு, ஆரஞ்சு கலர்ல கைதட்டு வாங்கிட்டு வந்தோம்.

இது எங்க டீமோட மண்டைக் கோளாறு மட்டும்னா நான் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். இதே மாதிரி ஒரு ஸ்லைடு ரொம்பப் பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. கல்பனா சாவ்லாவைப் பத்தி ஸ்கூல்லயே படிச்சிருப்போம். 2003 ஜனவரி 16 அன்னைக்குக் கொலம்பியா விண்கலம் கிளம்பி ஏறக்குறைய 82 விநாடியில, வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ஞ்சு இடது இறக்கையில மோதுச்சு. விண்கலம் மேல சுத்திக்கிட்டு இருக்கும்போதே, அந்த அடியால ஆபத்து இருக்கான்னு பொறியாளர்கள் ஆராய்ஞ்சு நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினாங்க. அதுல ஒரு ஸ்லைடை எட்வர்ட் டஃப்டேங்கிற பேராசிரியர் பின்னாடி வரி வரியாப் பிரிச்சுப் பார்த்தார். தலைப்பு தைரியம் சொல்லுது: சோதனைத் தரவுகள் பாதுகாப்பு பக்கமாத்தான் இருக்குங்கிற தொனி. புல்லட்டுக்குள்ள புல்லட்டா இறங்கி இறங்கி, அடிமட்டத்துல சின்ன எழுத்துல ஒரு வரி: மோதின துண்டோட அளவு சுமார் 1920 கன அங்குலம், சோதனையில பயன்படுத்தினது 3 கன அங்குலம்.

திரும்பப் படிங்க. 1920-க்கு 3. அறுநூத்தி நாப்பது மடங்கு. சோதனை செஞ்ச எல்லைக்கு வெளியே இருக்கோம்னு அந்த ஸ்லைடுலயே எழுதியிருக்கு. ஆனா படிக்கிறவங்க கண்ணுல தலைப்புதான் பட்டுச்சு. பிப்ரவரி 1 அன்னைக்குத் திரும்பி வரும்போது விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தாங்க. விபத்தை விசாரிச்ச குழு அதே வருஷம் ஆகஸ்ட்ல கொடுத்த அறிக்கையில, தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்துல ஸ்லைடை வெச்சு ஒப்பேத்துற பழக்கத்தையே ஒரு குறையாச் சுட்டிக் காட்டுச்சு.

பவர்பாயிண்ட்தான் அவங்களைக் கொன்னுச்சுன்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொல்றது அபத்தம். அந்த முடிவுகளுக்குப் பின்னாடி நிர்வாகம், அவசரம், பழக்கம்னு ஆயிரம் இருக்கு. நான் சொல்றது இவ்வளவுதான்: அந்த ஸ்லைடும் எங்க பதினாலாவது ஸ்லைடும் ஒரே சாதி. ரெண்டுலயும் உண்மை எழுதியிருந்துச்சு. ரெண்டுலயும் அதை ஒளிச்சு வைக்க இடம் இருந்துச்சு.

அந்த இடம் எங்கிருந்து வருது? உள்ளே உள்ளே போற புல்லட், சுருங்கிக்கிட்டே போற ஃபான்ட். பவர்பாயிண்ட்ல நீங்க வரி வரியா அடிச்சுக்கிட்டே போனா, இடம் பத்தலைன்னா அதுவே எழுத்தைச் சின்னதாக்கிக் கொடுக்கும். உதவிதான், மறுக்கலை. ஆனா அந்த உதவி, 'எதை வெட்டணும்'ங்கிற கேள்வியை உங்ககிட்ட கேட்கவே விடாது.

டெர்மினல் கேட்கும். அதுல எல்லா எழுத்தும் ஒரே சைஸ். ஒரு வரிக்கு 80 எழுத்து, ஒரு திரைக்கு 24 வரி. 1978-ல வந்த விடி100 டெர்மினல் காலத்துலருந்து இருக்கிற அளவு இது. பத்தலைன்னா ஒரே வழிதான், ஏதாவது ஒண்ணைத் தூக்கணும்.

நான் பயன்படுத்துறது டிபிபி. டெக்ஸ்ட் பிரசன்டேஷன் புரோகிராம்ங்கிறதோட சுருக்கம். ஆண்ட்ரியாஸ் கிரென்மையர்ங்கிறவர் ரூபி மொழியில எழுதினது. டெபியன், உபுண்டு வெச்சிருக்கிறவங்க ஆப்ட் கமாண்ட்ல டிபிபின்னு மூணு எழுத்தைக் கொடுத்தா வந்து உட்கார்ந்துக்கும். பயன்படுத்துறதைக் கத்துக்க அரை மணி நேரம் அதிகம். ஏதாவது ஒரு எடிட்டர்ல ஒரு ஃபைல் திறங்க. மேலே ரெண்டு ஹைஃபன் போட்டு டைட்டில், ஆத்தர், டேட். டேட்டுக்குப் பக்கத்துல டுடேன்னு போட்டா அன்னைய தேதியை அதுவே எடுத்துக்கும். ரெண்டு ஹைஃபன் போட்டு நியூபேஜ்னு எழுதினா புது ஸ்லைடு. ஹெடிங், சென்டர் எல்லாம் அதே மாதிரி. ஒரு வரியில மூணு ஹைஃபன் மட்டும் போட்டா, அந்த இடத்துல நிக்கும். நீங்க ஸ்பேஸ் பாரைத் தட்டினாத்தான் அடுத்த வரி வரும். (இந்தச் சொற்களை எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும். நம்ம இதழுக்காகத் தமிழ்ல எழுதியிருக்கேன், அப்படியே டைப் பண்ணிட்டு வேலை செய்யலைன்னு என்கிட்ட வராதீங்க.)

ஓட்டுறதுக்கு டெர்மினல்ல டிபிபின்னு அடிச்சு ஃபைல் பேரைக் கொடுத்தா முடிஞ்சது. ஸ்பேஸ் அடுத்தது, பி முந்தினது, க்யூ வெளியே. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜே. அதை அடிச்சு எண்ணைக் கொடுத்தா நேரா அந்த ஸ்லைடுக்குப் போகலாம். "அந்த பிளாக் டயகிராமுக்குத் திரும்பப் போப்பா"ன்னு பேனல் கேட்கும்போது இருபது ஸ்லைடைப் பின்னாடி பின்னாடி ஓட்டிக்கிட்டு நிக்கிற அசிங்கம் இல்லை. ஷெல் அவுட்புட்டுன்னு ஒரு வசதியும் இருக்கு. டாலர் குறியோட ஒரு கமாண்டை எழுதி வெச்சா, யாரோ உட்கார்ந்து டைப் பண்ற மாதிரியே ஒவ்வொரு எழுத்தா வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு இது விருந்து.

டிபிபிதான் வேணும்னு இல்லை. மார்க்டவுன் பழகினவங்களுக்கு எம்டிபி இருக்கு, சி மொழியில எழுதினது. மார்க்டவுன்ல ஒரு கோடு போட்டா அடுத்த ஸ்லைடு. படமும் காட்டணும்னா ரஸ்ட்ல எழுதின பிரசன்டெர்ம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் படம் காட்டத் தெரிஞ்ச டெர்மினல் வேணும். எதை எடுத்தாலும் சரி.

எனக்கு இது பிடிச்சதுக்கு ஒரு ஏழைக் காரணமும் உண்டு, மறைக்க என்ன இருக்கு. என் லேப்டாப் எங்க அக்காவுக்கு ப்ளஸ் டூவுல அரசாங்கம் கொடுத்தது. 2011-ல தொடங்கின அந்தத் திட்டம் உங்க வீட்டுலயும் ஒரு மெஷினைக் கொண்டு வந்திருக்கும். ரெண்டு ஜிபி ரேம். விண்டோஸும் இருந்துச்சு, சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பாஸ்ங்கிற ஐகானை அக்கா ஒரு தடவைகூடத் தொடலை. எல்லார் வீட்டுலயும் இதே கதைதான்னு நினைக்கிறேன். விண்டோஸ் ஒரு கட்டத்துல மூச்சு விட முடியாம நின்னப்போ, நான் டெபியனைப் போட்டேன். எங்க முப்பத்திநாலு ஸ்லைடு பிபிடி 18 எம்பி. அது அந்த மெஷின்ல திறக்கிறதுக்குள்ள எளாவூர் தாண்டி ஆரம்பாக்கமே வந்துடும். டிபிபி ஃபைல் 4 கேபி. எளாவூரைத் தாண்டினதும் ஆந்திராவா தமிழ்நாடான்னு முடிவு பண்ண முடியாம தவிக்கிற நெட்லயும் டீம் குரூப்புக்குப் போய்ச் சேரும்.

நாலு பேர் ஒரே ஸ்லைடுல வேலை செஞ்சா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். ஃபைனல், ஃபைனல் ரெண்டு, ஒரிஜினல் ஃபைனல், இதுதான்டா ஃபைனல். டெக்ஸ்ட் ஃபைலை கிட்ல போட்டா யார் எந்த வரியை மாத்தினாங்கன்னு தெரியும். எங்க டீம்ல ஒருத்தன் 'கன்க்ளூஷன்' ஸ்லைடைச் சத்தமில்லாம அழிச்சுட்டு, நான் இல்லைன்னு சாதிச்சது பழைய காலம்.

சரி, தப்பு எப்படி வெளியே வந்துச்சுன்னு சொல்லாம எங்கேயோ போயிட்டேன். ரெண்டாவது ரிவ்யூவுக்கு முன்னாடி, கும்மிடிப்பூண்டி போற சப்பர்பன்ல உட்கார்ந்து பழைய பிபிடியை டெக்ஸ்டா மாத்திக்கிட்டு இருந்தேன். பதினாலாவது ஸ்லைடு வந்துச்சு. கிராஃபைப் போட முடியாது. அப்போ அந்தக் கிராஃப் என்ன சொல்லுதுன்னு வார்த்தையில எழுதணும். எழுதினேன்: 'போர்வெல் ரீடிங், ஏழு நாளும் 1000-ஐ ஒட்டியே, மாறவே இல்லை.' அடுத்த புல்லட் எல்லாம் வெட்டிட்டு, பயன்படுற ஒரு வரியை மட்டும் கீழே போட்டேன்: 'சென்சார் எல்லை 1000.'

ரெண்டே வரி. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு. ஒரே சைஸ்ல.

மீஞ்சூர் வந்தப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. டீம்மேட்டுக்கு போன் போட்டு, "மச்சி, நம்ம சென்சார் அளக்கவே இல்லடா, முட்டிக்கிட்டு நிக்குதுடா"ன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அதான் ஒரே கோடா?"ன்னான். அந்தத் தண்ணியை ஒரு லேப்ல கொடுத்துப் பார்த்தோம். ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் தண்ணியை டிஸ்டில்டு வாட்டர் கலந்து நாலு மடங்கு நீர்க்கவெச்சு, அளந்து, நாலால பெருக்குறதுன்னு முறையை மாத்தினோம். அழகான தீர்வு இல்லைதான். எல்லையை மீறினா ஆப் இனிமே எண்ணைக் காட்டாது, 'என்னால அளக்க முடியலை'ன்னு சொல்லும். எங்க ப்ராஜெக்ட்லயே உருப்படியான பாகம் அதுதான்னு இப்போ எனக்குத் தோணுது.

இப்போ உங்க மனசுல ஓடுற கேள்விகளுக்கு வரேன்.

"டெர்மினல்லயும் மொக்கை ஸ்லைடு போடலாமே?" தாராளமாப் போடலாம். நானே போட்டிருக்கேன். ஒரு ஸ்லைடுக்கு 24 வரியையும் நிரப்பி, படிச்சுக் காட்டி, ஒரு பேராசிரியரைத் தூங்க வெச்சிருக்கேன். கருவி உங்களுக்காக யோசிக்காது. ஆனா தப்பை ஒளிச்சு வைக்கிற மூலை முடுக்கு இதுல கம்மி, அவ்வளவுதான் நான் கொடுக்கிற உத்தரவாதம்.

"சர்க்யூட் படம், ஆப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம்?" இந்தக் கேள்வி நியாயம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் ட்ராயிங் இல்லாம பேச முடியாது. பிளாக் டயகிராமைக் கோடு, ப்ளஸ் குறி வெச்சே வரைஞ்சிடலாம், அதுவே ஒரு தனி சுகம். நிஜப் படம் வேணும்னா தனியா ஒரு பிடிஎஃப் வெச்சுக்கங்க. நாங்க போர்டையே கொண்டு போய் மேஜை மேல வெச்சோம். பேனல் எழுந்து வந்து பார்த்தாங்க. படத்துக்கு யாரும் எழுந்து வரமாட்டாங்க.

"ப்ரொஜெக்டர்ல தெரியுமா?" முதல் தடவை எனக்குத் தெரியலை. ஹால்ல லைட் எரியும்போது கறுப்புப் பின்னணி வெளுத்துப் போய் ஒண்ணுமே தெரியாது. டெர்மினல் செட்டிங்குல வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்துக்கு மாத்திக்கங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், ப்ளஸ் மூணையும் சேர்த்து அழுத்தி, 80 எழுத்து திரை முழுக்க நிறையுற வரைக்கும் பெருசாக்குங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தனை உட்கார வெச்சுப் படிக்கச் சொல்லிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

"டிபார்ட்மென்ட்ல பிபிடிதான் சப்மிட் பண்ணணுமே, கம்பெனியிலயும் அதானே கேட்பான்?" கேட்கட்டும், கொடுங்க. மார்க்டவுன்ல எழுதினதை பேன்டாக் ஒரே கமாண்ட்ல பவர்பாயிண்ட் ஃபைலா மாத்திக் கொடுக்கும். டிபிபியிலிருந்து லேடெக்குக்கு மாத்துற வழியும் அதுலயே இருக்கு. எதுல சப்மிட் பண்றீங்கங்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை, எதுல யோசிக்க ஆரம்பிக்கிறீங்கங்கிறதுதான் கேள்வி. கம்பெனின்னா பிபிடிதான்னு நம்புறவங்களுக்கு இன்னொரு தகவல்: அமேசான்ல மேல்மட்டக் கூட்டங்கள்ல பவர்பாயிண்ட் வேண்டாம், முழு வாக்கியத்துல எழுதிட்டு வாங்கன்னு 2004-லயே ஜெஃப் பெசோஸ் சொல்லிட்டார். டொயோட்டாவுல ஒரு பிரச்சினையையும் அதோட தீர்வையும் ஒரே ஒரு ஏ3 தாளுக்குள்ள அடக்கணும்ங்கிற பழக்கம் ரொம்ப காலமா இருக்கு. இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு சிப்காட் பக்கம் போனா ஷாப் ஃப்ளோர் சுவத்தைப் பாருங்க, அந்த மாதிரித் தாள் ஒட்டியிருந்தா நின்னு படிங்க.

எனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வி உண்டு. அது தமிழ்.

மேல நான் 80 எழுத்து, 80 எழுத்துன்னு பேசினது எல்லாம் இங்கிலீஷுக்குச் சரி. டெர்மினல்ங்கிறது கட்டம் போட்ட நோட்டு. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. தமிழ் அந்தக் கட்டத்துல உட்கார மாட்டேங்குது. எங்க ஊர் பேரையே எடுத்துக்கங்க. ஆரம்பாக்கம். நாம எண்ணினா ஏழு எழுத்து. யூனிகோடுல புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு, அதனால பதினொண்ணு. யூடிஎஃப்-8-ல சேமிச்சா ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், ஆக முப்பத்திமூணு. இந்தப் பேரை 80 கட்ட வரியில நடுவுல வைக்கச் சொன்னா, ஏழுன்னு எண்ணுற புரோகிராம் 36 கட்டம் தள்ளி வைக்கும், பதினொண்ணுன்னு எண்ணுறது 34, பைட்டை எண்ணுறது 23. மூணும் தப்பு, ஏன்னா 'ஆ' ஒரு கட்டத்துல அடங்காது, புள்ளிக்குத் தனிக் கட்டமே தேவையில்லை.

கொம்பு அதைவிட மோசம். 'வே'ன்னு எழுதும்போது நம்ம கை முதல்ல இரட்டைக் கொம்பைப் போடுது. கம்ப்யூட்டர் 'வ'வை முதல்ல சேமிச்சுட்டுக் கொம்பை அப்புறம் வைக்குது. திரையில வரையும்போது இடம் மாத்தி வரையணும். ப்ரவுசர் இதைச் சரியாப் பண்ணும். நிறைய டெர்மினல் பண்ணாது. எம்எல்டெர்ம் மாதிரி இந்திய மொழிகளைக் கவனிக்கிற டெர்மினல்ல கொஞ்சம் பரவாயில்லை. டிபிபியில பெரிய எழுத்து வேணும்னா ஹியூஜ்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது ஃபிக்லெட்டைக் கூப்பிடும். ஃபிக்லெட்டோட வர்ற எழுத்துருக்கள்ல தமிழ் கிடையாது.

இதைச் சொல்லாம 'டெர்மினலுக்கு வாங்க'ன்னு கூப்பிடுறது ஏமாத்துவேலை, அதான் சொல்லிட்டேன். ஆனா இது நம்மால செய்ய முடியாத வேலையும் இல்லை. பைத்தான்ல ஓப்பன்-தமிழ்ங்கிற நூலகம் இருக்கு, 'தமிழ்'னு கொடுத்தா அஞ்சு குறியீட்டையும் சேர்த்து மூணு எழுத்தாச் சரியாப் பிரிச்சுக் கொடுக்கும். அதை வெச்சு வரியை நடுவுல வைக்கிற, மடக்குற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத முடியாதா? நம்ம டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் அட்டெண்டன்ஸ் சிஸ்டமும் லைப்ரரி மேனேஜ்மென்ட்டும் மினி ப்ராஜெக்டா வருது. ஒரே ஒரு டீம் இதை எடுத்தா என்ன? 2012-லருந்து கணியம் தமிழ்ல கட்டற்ற மென்பொருள் பத்தி எழுதிக்கிட்டு வருது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, சென்னையில ஐஎல்யூஜிசின்னு கேள்வி கேட்க ஆளும் இருக்காங்க. நான் ஆரம்பிச்சு பாதியில நிக்கிறேன். 'ஆ', 'ஊ', 'ணை' மாதிரி அகலமான எழுத்துக்கு ரெண்டு கட்டம் ஒதுக்கினா நல்லா இருக்குன்னு ஒரு டெர்மினல்ல தெரியுது, இன்னொண்ணுல சந்து சந்தா இடைவெளி விழுது. யாராவது சேர்ந்துக்கிட்டா சந்தோஷம்.

போன ஞாயித்துக்கிழமை அந்தப் பாதி ஸ்கிரிப்ட்டோட, போர்வெல் முடிவை மூணு ஸ்லைடு தமிழ்ல போட்டு, தெருவுல எதிர் வீட்டு ஆயாகிட்ட காட்டினேன். ப்ராஜெக்ட் தொடங்கின நாள்லருந்து "தண்ணி நல்லா கீதா இல்லியா, அத சொல்லு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தவங்க அவங்கதான். லேப்டாப்பைத் திண்ணையில வெச்சுட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். 'குடிக்க வேண்டாம்'னு வரணும். 'வ' ஒரு பக்கம் நிக்குது, கொம்பு அதை விட்டுட்டு 'ண்'ணோட போய் ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஆயா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தாங்க. "இன்னாடா இது, எழுத்து ஒடஞ்சி கீது?"

"தண்ணியில உப்பு ஜாஸ்தி ஆயா, குடிக்காதீங்கன்னு போட்டிருக்கேன்."

"அத நாக்குல வெச்சாலே தெரியுமே. இதுக்கா ரெண்டு மாசம் டப்பாவ வெச்சின்னு சுத்துன?" அப்படின்னுட்டு உள்ளே போய், கேன் தண்ணியில ஒரு சொம்பு கொண்டு வந்து கொடுத்தாங்க.